பச்சைத் தேயிலை மணக்கும் விசுக்கோத்து

விருந்தினர் வாசற்படியை மிதித்ததும் அடுப்பில் தண்ணீர் வைப்பது கிழக்கிலங்கைக் கரையோரத்தின் வழக்கம். கல்முனையாயினும் அக்கரைப்பற்றாயினும் பொத்துவிலாயினும், தமிழர் இல்லமாயினும் முஸ்லிம்கள் இல்லமாயினும், இவ்வழக்கில் வேற்றுமை காண்பதற்கில்லை. பால் கலவாத தேத்தண்ணீர் ஒரு கோப்பை. கூடவே கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் சர்க்கரையோ பனங்கட்டியோ. ஒரு கடி இனிப்பு, ஒரு மிடறு துவர்ப்பு என்று மாறி மாறிச் சுவைப்பதில் ஓர் இன்பம் உண்டு. இனிப்பு துவர்ப்பை அடக்குகின்றது. துவர்ப்பு இனிப்பின் திகட்டலைப் போக்குகின்றது.

இவ்விரண்டையும் ஒரே பண்டத்தில் சேர்த்தால் எப்படியிருக்கும்? அதுவே பச்சைத் தேயிலை சேர்த்துச் சுட்ட சொக்லேட் துண்டு விசுக்கோத்து. அண்மைக் காலத்தில் நகரங்களின் கடைகளிலும், பெருநாட்களிலும் பிறந்தநாள் விழாக்களிலும் இப்பண்டம் தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றது. ஆயினும், அவற்றுட் பலவற்றில் பச்சை நிறம் இருக்கின்றது, தேயிலை இல்லை. அல்லது தேயிலை இருக்கின்றது, அதன் மணம் இல்லை. தேயிலை விளையும் நாட்டில் வாழும் நாம் தேயிலையின் பெயரை மட்டும் தின்றுகொண்டிருப்பது முறையாகுமா? பெயருக்கு ஏற்ற பண்டத்தை வீட்டிலேயே, அதிகச் செலவின்றிச் செய்யும் வழியை இவ்வாரம் ஆராய்வோம்.

மலையும் கரையும்

பொத்துவிலிலிருந்து வடக்கே அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், கடலுக்கும் களப்புக்கும் அணித்தாகக் கோமாரி என்னும் ஊர் இருக்கின்றது. மீனும் நெல்லும் தேங்காயும் தெரிந்த இக்கரையோரத்தில் தேயிலைச் செடியைக் கண்ணாற் காண்பதற்கில்லை. ஆயினும் அதே தெருவில் தெற்கே சென்று, பொத்துவிலில் மேற்கே திரும்பி, சியம்பலாண்டுவ, மொணராகலை, வெல்லவாய என்று தொடர்ந்தால் ஊவா மலையின் அடிவாரத்தை அடைந்துவிடலாம். அம்மலையிலே பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்கள் உலகப் புகழ் பெற்றவை. கடற்கரைக்கும் தேயிலை மலைக்கும் இடையே உள்ளது ஒரு நாட் பயணத்துக்கும் குறைந்த தொலைவே.

இந்நாட்டில் வர்த்தக முறையில் தேயிலை பயிரிடப்பட்டது 1867 ஆம் ஆண்டில். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டெய்லர் என்பவர் கண்டிப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் அதனை நட்டார். இரண்டாண்டுகளில், அதாவது 1869 இல், கோப்பிச் செடிகளை இலைநோய் பீடிக்கத் தொடங்கியது. கோப்பி அழிந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. அந்த மலைகளைப் பண்படுத்தியவர்கள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். இன்றும் கொழுந்து பறிக்கும் கைகள் பெரும்பாலும் அவர்கள் வழிவந்த பெண்களின் கைகளே. 1883 ஆம் ஆண்டு முதல் கொழும்பில் தேயிலை ஏலவிற்பனை நடைபெற்று வருகின்றது. நாட்டில் விளையும் தேயிலையின் மிகப் பெரும் பங்கு கப்பலேறிவிடுகின்றது. அயலிலுள்ள மலையில் விளைந்த இலை, கொழும்பு சென்று, பொதி செய்யப்பெற்று, பின்னரே நம் ஊர்க் கடைக்கு வந்து சேருகின்றது.

இலை ஒன்று, பக்குவம் இரண்டு

பச்சைத் தேயிலை என்றதும் அது வேறொரு செடியின் இலை என்று எண்ணுவோர் உளர். அவ்வாறன்று. கறுப்புத் தேயிலையும் பச்சைத் தேயிலையும் ஒரே செடியின் கொழுந்துகளே. பறித்த கொழுந்தை வாடவைத்து, உருட்டிக் கசக்கி, அதன் சாறு காற்றுடன் கலந்து நிறம் மாறும்வரை விட்டு, பின்னர் உலர்த்தினால் கறுப்புத் தேயிலை. காற்றினால் நேரும் இம்மாற்றத்தை ஒட்சியேற்றம் என்பர். கொழுந்து பறித்த சிறிது நேரத்துக்குள் ஆவியிலோ சூடான சட்டியிலோ வாட்டி அம்மாற்றத்தைத் தடுத்துவிட்டால் பச்சைத் தேயிலை. ஆவியில் வாட்டுவது யப்பானியர் முறை. சட்டியில் வாட்டுவது சீனர் முறை.

இலங்கையில் உற்பத்தியாகும் தேயிலையிற் பச்சைத் தேயிலை மிகச் சிறு பங்கே. ஊவாவில் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள இதல்கஸ்ஹின்னப் பகுதி அதற்குப் பெயர்பெற்றது. யப்பானியப் பச்சைத் தேயிலையில் கடற்பாசியையும் இளம் புல்லையும் நினைவூட்டும் மணம் இருக்கும். நம் நாட்டுப் பச்சைத் தேயிலையோ சற்றே கனத்த சுவையும், வறுத்த பருப்பை ஒத்த மணமும் உடையது. சொக்லேட்டுடன் சேருவதற்கு இந்த வறுத்த மணம் மிகப் பொருத்தமானது என்பதை நாவே சொல்லும்.

கடல் கடந்த இரு வழக்கங்கள்

தேயிலையைக் காய்ச்சி வடிகட்டாமல் இலையையே உட்கொள்ளும் வழக்கம் யப்பானியருடையது. 1191 இல் சீனத்திலிருந்து திரும்பிய ஐசாய் என்னும் பௌத்தத் துறவி தேயிலை விதைகளைக் கொண்டுவந்தார் என்பர். பறிப்பதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே செடிக்கு நிழலிட்டு வளர்த்து, இலையை ஆவியில் வாட்டி, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கல் திரிகையில் மாவாக அரைப்பர். இதுவே மட்சா. கியோத்தோவை அடுத்த ஊஜி என்னும் ஊர் இதற்குப் பெயர்போனது. தேநீர்ச் சடங்கில் கசப்பான மட்சாவைப் பருகுவதற்கு முன் ஒரு சிறு இனிப்பை உண்பது அவர்களுடைய மரபு. நம் சர்க்கரைத் துண்டின் தத்துவமும் இதுவேயன்றோ?

மற்றொரு வழக்கம் அமெரிக்க நாட்டினது. மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் விட்மன் என்னும் ஊரில் ரோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்ட் அம்மையார், 1930 களின் இறுதியில், சொக்லேட் கட்டியைச் சிறு துண்டுகளாக நறுக்கி விசுக்கோத்து மாவிற் கலந்து சுட்டார். துண்டுகள் முழுவதும் கரைந்துவிடாமல் ஆங்காங்கே மிருதுவாக நின்றன. தற்செயலாக நேர்ந்தது என்று இதனைக் கதையாகச் சொல்வர். ஆனால் அந்த அம்மையார் வீட்டறிவியலை முறையாகப் பயின்று பட்டம் பெற்றவர். அடுப்பங்கரை அறிவும் ஓர் அறிவே என்பதற்கு இது நல்ல சான்று. யப்பானியத் தேயிலை மாவும் அமெரிக்கச் சொக்லேட் விசுக்கோத்தும் பிற்காலத்தில் ஒன்றுகூடியதன் விளைவே நாம் இன்று பேசும் பண்டம்.

மட்சா நம் நாட்டில் இறக்குமதிப் பொருள், விலையும் அதிகம். அது கிடைக்காவிடில் இப்பண்டம் நமக்கில்லை என்று கைவிட வேண்டுவதில்லை. உள்நாட்டுப் பச்சைத் தேயிலையைப் பொடித்து உபயோகிக்கலாம். நிறம் சற்று மங்கும், மணம் குறையாது.

தேயிலையைத் தெரிவு செய்தல்

பச்சைத் தேயிலைக்குப் பகைவர் நால்வர்: வெப்பம், வெளிச்சம், ஈரம், பிற மணம். கோமாரி போன்ற கரையோர ஊர்களில் நால்வரும் ஒருங்கே குடியிருக்கின்றனர். கடற்காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. கருவாட்டுப் பானையும் மசாலாச் சரக்கும் இருக்கும் அலுமாரியில் தேயிலையைத் திறந்து வைத்தால், இரண்டொரு வாரத்துள் அது அவற்றின் மணத்தை ஏற்றுவிடும். ஆகையால் சிறு பொதியாக வாங்குக. பொதியிலுள்ள திகதியைப் பார்க்க. வாங்கியதும் இறுக மூடும் தகரப் பேணியில் இட்டு, அடுப்பிலிருந்து தூர வைக்க.

புதினா, எலுமிச்சை, மல்லிகை முதலிய வாசனைகள் ஊட்டிய தேயிலை இதற்கு உதவாது. உதிரி இலையே சிறந்தது. அது கிடைக்காத இடத்துத் தேயிலைப் பைகளைப் பிரித்து உபயோகிக்கலாம். ஒரு பையில் ஏறக்குறைய 2 கிராம் தூள் இருக்கும். பொதியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புதிய வைக்கோலின் இனிய மணம் வந்தால் நன்று. பழைய கடதாசியின் மணம் வந்தால் அதனைக் காய்ச்சிக் குடிப்பதோடு நிறுத்திக்கொள்க.

தேயிலையை மாவிற் சேர்க்கும் வழி

இதற்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. மூன்றையும் நாம் செய்து பார்த்தோம்.

முதலாவது, தேயிலையைக் கடுஞ்சாயமாகக் காய்ச்சி அந்நீரை மாவிற் சேர்ப்பது. இதனாற் பயன் சிறிது. நீர் கூடினால் மா இறுகி, விசுக்கோத்து மொறுமொறுப்பை இழக்கின்றது. மணமும் சூட்டில் பெரும்பாலும் ஆவியாய்ப் போகின்றது. இரண்டாவது, உருக்கிய வெதுவெதுப்பான பட்டரில் இலையை 20 நிமிடம் ஊறவிட்டு வடிகட்டி, அப்பட்டரை உறையவைத்து உபயோகிப்பது. தேயிலையின் மணம் தரும் பொருள்களிற் பல கொழுப்பிற் கரையும் இயல்புடையன. ஆதலால் மென்மையான மணம் கிடைக்கின்றது, கசப்பு மிகவும் குறைகின்றது. சிறுவருக்கும் முதியோருக்கும் இது ஏற்றது. மூன்றாவது, இலையை மென்பொடியாக்கிப் பட்டருடன் குழைப்பது. மணம், துவர்ப்பு, நிறம் மூன்றும் நிறைவாகக் கிடைப்பது இம்முறையிலேதான். கீழே தருவதும் இதுவே.

பொடிக்கும்போது ஒன்றைக் கவனிக்க. நம் பகுதியின் ஈரக்காற்றில் இலை நமத்திருந்தால் பொடியாகாது. ஒரு சட்டியை இலேசாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்த பின், இலையை அதில் சில நிமிடம் பரப்பி வைத்தால் மொறுமொறுப்பாகும். வெயிலிற் காயவைத்தல் கூடாது. பின்னர் அரைக்கும் இயந்திரத்தில் விட்டு விட்டு, சிறிது சிறிதாகப் பொடித்து, மெல்லிய துணியிலோ நுண்ணிய அரிதட்டிலோ சலித்துக்கொள்க. 12 கிராம் இலையில் காம்பும் திப்பியும் போக ஏறக்குறைய 10 கிராம் பொடி தேறும். பொடித்த அன்றே உபயோகித்தல் நலம்.

தேவையான பொருள்கள் (ஏறக்குறைய 30 விசுக்கோத்துகளுக்கு)

கோதுமை மா: 200 கிராம்
பட்டர்: 125 கிராம்
வெள்ளைச் சீனி, பொடித்தது: 125 கிராம்
முட்டை: 1
பச்சைத் தேயிலைப் பொடி: 10 கிராம் (தட்டையாக 2 மேசைக்கரண்டி)
பேக்கிங் பவுடர்: 1 தேக்கரண்டி
உப்பு: கால் தேக்கரண்டி (உப்பிட்ட பட்டராயின் வேண்டியதில்லை)
சொக்லேட் கட்டி: 100 கிராம்

இவற்றைப் பற்றிச் சில வார்த்தைகள். சிவப்புச் சீனியில் பாகின் மணம் உண்டு. அது தேயிலையை மறைத்துவிடும். மாஜரீன் மட்டும் சேர்த்தாலும் அவ்வாறே. பட்டர் விலை கைக்கெட்டாவிடில் பாதிக்குப் பாதி சேர்க்கலாம். வெனிலா எசன்ஸ் இப்பண்டத்துக்கு வேண்டாம். அது தேயிலை மணத்துடன் போட்டியிடும். அன்றியும், எசன்ஸ் பெரும்பாலும் மதுசாரத்திற் கரைத்துச் செய்யப்படுவதால் அதனைத் தவிர்க்கும் இல்லங்கள் இங்கே பல. அவர்களுக்கும் இது நல்ல செய்தி. சொக்லேட் மிகவும் கறுத்துக் கசப்பதாக இருக்கலாகாது. கசப்புடன் கசப்புச் சேர்ந்தால் நாக்கு களைத்துப் போகும். மாத்தளை, கண்டிப் பகுதிகளில் கொக்கோவும் விளைகின்றது. உள்நாட்டுச் சொக்லேட் கட்டியே இதற்குப் போதுமானது. அதனைக் கத்தியால் சமமின்றி, பெரிதும் சிறிதுமாக நறுக்குக. தூள்கள் மாவோடு கலந்து இனிப்பூட்டும். துண்டுகள் வாயிற் கடிபடும்.

செய்முறை

பட்டரையும் சீனியையும் வெளிறி நுரைக்கும்வரை குழைக்கவும். தேயிலைப் பொடியைத் தூவி மீண்டும் குழைத்து 10 நிமிடம் அப்படியே வைக்கவும். இந்த 10 நிமிடத்தை வீணென்று கருத வேண்டாம். மணம் கொழுப்பில் இறங்குவது அப்போதுதான். பின்னர் முட்டையை அடித்துச் சேர்க்கவும். மா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சேர்த்து இருமுறை அரித்து, சிறிது சிறிதாக இட்டு மரக்கரண்டியாற் கிளறவும். மா தெரியாமற் கலந்தவுடன் நிறுத்திவிடுக. ரொட்டி மாவைப்போற் பிசைந்தால் விசுக்கோத்து தோலைப்போல் இழுபடும். இறுதியிற் சொக்லேட் துண்டுகளைக் கலக்கவும்.

இனி, கரையோரத்துக்கென்று ஒரு விதி. பட்டர் உருகத் தொடங்கும் சூடும் நம் பகுதியின் நண்பகற் சூடும் ஏறக்குறைய ஒன்றே. ஆதலால் கலந்த மாவை உடனே சுட்டால், அது வேகுமுன்பே வழிந்து தட்டு முழுவதும் ஒரே அடையாகிவிடும். குளிர்சாதனப் பெட்டி இருப்பின் ஒரு மணி நேரம் அதில் வைக்கவும். இல்லாத வீட்டில் விடியற்காலைக் குளிரிலேயே மாவைக் கலந்துகொள்க. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களிலானால், பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைத்து ஈரத்துணியாற் சுற்றிக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் ஓரளவு குளிரும்.

குளிர்ந்த மாவைச் சிறு தேசிக்காய் அளவு உருட்டி, பட்டர் தடவிய தட்டில் மூன்று விரல் இடைவெளி விட்டு அடுக்கி, மெல்ல அழுத்தவும். மின்போறணையாயின் 170 பாகை செல்சியசில் ஏறக்குறைய 12 நிமிடம் போதும். ஓரம் இறுகி, நடு சற்றே மிருதுவாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் தட்டிலேயே ஆறவிட்டால் தானாக இறுகும். நடுவும் கெட்டியாகும்வரை அடுப்பில் விட்டால், ஆறியபின் அது கல்லாகும். தேயிலை மணமும் கருகல் மணத்தில் மறைந்துவிடும்.

போறணை இல்லாத வீட்டில்

போறணை இல்லையே என்று ஏங்க வேண்டாம். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் எரிவாயுவும் கிடையாது, மின்சாரமும் நேரத்துக்கு நேரம் தடைப்பட்டது. அந்நாட்களிற் பலர் விறகடுப்புக்குத் திரும்பினர். விறகடுப்பிலும் விசுக்கோத்துச் சுடலாம்.

அடி தடித்த அகன்ற பாத்திரமொன்றில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் பரப்புக. கடற்கரை மணலாயின் உப்பும் சிப்பியும் போகப் பலமுறை கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். ஈரமணல் சூட்டில் வெடித்துத் தெறிக்கும். மணலின்மேல் ஒரு தாங்கி வைத்து, இறுக மூடி, மிதமான நெருப்பில் 15 நிமிடம் சூடாக்குக. உள்ளே ஒரு துண்டு வெள்ளைக் கடதாசியை 5 நிமிடம் வைத்துப் பார்க்கலாம். அது வைக்கோல் நிறமானால் சூடு பதம். கபில நிறமானால் நெருப்பைக் குறைக்க வேண்டும். பதம் வந்ததும் தட்டை உள்ளே வைத்து மூடி, மூடியின்மேல் சிரட்டைத் தணலை மெல்லியதாகப் பரப்புக. கீழ்ச்சூடு மட்டும் இருந்தால் அடி கருகி மேல் வெளிறும்; மேற்சூடும் சேர்ந்தால் இருபுறமும் ஒருங்கே வேகும். 15 நிமிடம் கழித்து ஒருமுறை பார்க்கலாம். அடிக்கடி திறந்தால் சூடு வெளியேறிவிடும். கண்ணாடிப் பாத்திரமும், ஒட்டாத பூச்சுப் பூசிய பாத்திரமும் இதற்கு ஆகா. அருகிற் சிறுவர் விளையாடாமற் பார்த்துக்கொள்வது பெரியோர் கடமை.

நிறத்தைக் கண்டு மயங்க வேண்டாம்

சுட்டு எடுத்த விசுக்கோத்து கடைப் பண்டத்தைப்போல் கிளிப்பச்சையாக இல்லையே என்று சிலர் மனம் சோர்வர். இலைக்குப் பச்சை நிறம் தரும் பொருள் சூட்டில் தன் நிறத்தை இழந்து, காய்ந்த பாசியின் நிறத்தை அடைவது இயல்பு. கீரையை நெடுநேரம் வேகவைத்தால் நேர்வதும் இதுவே. நம் நாட்டு இலையிற் செய்த விசுக்கோத்து பாசி நிறமாகவும், ஆங்காங்கே நுண்ணிய புள்ளிகளுடனும் இருக்கும். அது குறையன்று, உண்மையின் அடையாளம்.

பேக்கிங் பவுடருக்குப் பதிலாக அப்பச்சோடாவை அள்ளிப் போடுவோர் உளர். அப்பச்சோடா காரத்தன்மை உடையது. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் காரத்திற் கறுக்கும். ஒரு கோப்பைத் தேநீரில் எலுமிச்சம்பழச் சாறு விட்டால் நிறம் வெளிறுவதையும், சிட்டிகை அப்பச்சோடா இட்டால் கறுப்பதையும் பார்த்தால் இது விளங்கும். ஆகவே அதனைத் தவிர்க்கவும்.

கடையில் வாங்கிய பச்சை விசுக்கோத்தில் உள்ளது இலையா சாயமா என்று ஓரளவு அறிய ஓர் எளிய வழி உண்டு. சிறு துண்டை வெள்ளைப் பிங்கானில் உதிர்த்துக் குளிர்நீர் விட்டு வைக்கவும். இலையின் பச்சை நீரிற் கரையாது. தூள் அடியில் தங்கும், நீர் மங்கலான மஞ்சளாகவே இருக்கும். தண்ணீர் தெளிந்த பச்சையாக மாறினால் அதில் நிறமூட்டி சேர்ந்திருக்கின்றது என்று கொள்ளலாம்.

மருந்தன்று, பண்டம்

பச்சைத் தேயிலை பல நோய்களை நீக்கும் என்று கேள்விப்பட்டு, அதனாற் செய்த விசுக்கோத்தும் உடம்புக்கு நல்லதே என்று கருதுவோர் இன்று மிகுதி. நீரிழிவுள்ள பெரியோர் முன் "இது பச்சைத் தேயிலை, பயமில்லை, சாப்பிடுங்கள்" என்று தட்டை நீட்டுவதை நாம் கண்டிருக்கின்றோம். அன்பினாற் செய்வதே, ஆயினும் அது தீங்கில் முடியும்.

கணக்கைப் பார்ப்போம். மேலே சொன்ன அளவில் 125 கிராம் சீனி 30 விசுக்கோத்துகளுக்குப் பங்கிடப்படுகின்றது. ஒன்றுக்கு 4 கிராமுக்குச் சற்று மேல். சொக்லேட்டில் உள்ள சீனியையும் சேர்த்தால் ஒன்றுக்கு ஏறக்குறைய 6 கிராம். மூன்று விசுக்கோத்து உண்டால் நான்கு தேக்கரண்டிச் சீனியை உண்டதாகும். கோதுமை மாவும் பட்டரும் வேறு. இதில் உள்ள 10 கிராம் தேயிலை அச்சீனியை அழித்துவிடாது. நீரிழிவு நோயாளர் இதனை மற்ற இனிப்புகளைப் போலவே, மருத்துவர் சொன்ன அளவுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

தேயிலையில் கபீன் என்னும் ஊக்கப் பொருள் இருப்பதும் நினைவில் இருக்கட்டும். உலர்ந்த இலையில் அது நூற்றுக்கு மூன்று பங்கு என்று கொண்டால், ஒரு விசுக்கோத்தில் ஏறக்குறைய 10 மில்லிகிராம் வரும். சொக்லேட்டிலும் சிறிது உண்டு. ஒரு கோப்பைத் தேநீரை நோக்க இது குறைவே. எனினும் சிறு பிள்ளைகளுக்கு இரவில் கொடாமல், மாலையில் ஒன்று கொடுத்து நிறுத்துவது நன்று. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் கீரை, பருப்பு முதலியவற்றிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தடை செய்வன. கருவுற்ற பெண்களும் இரத்தச்சோகை உள்ளோரும் இதனைச் சாப்பாட்டோடு சேர்க்காமல், ஒரு மணி நேரமாவது கழித்து உண்பது உத்தமம்.

பேணலும் விற்பனையும்

முற்றாக ஆறிய பின்னரே பேணியில் அடைக்க வேண்டும். இளஞ்சூட்டுடன் அடைத்தால் உள்ளே வியர்த்து நமத்துப் போகும். அடியில் கடதாசி விரித்து அடுக்கி, இறுக மூடினால் ஒரு வாரம் மணம் குன்றாது. மாரிக் காலத்து வாடைக் காற்றில் விரைவில் நமக்கும். அப்போது மிதமான சூட்டில் மூன்று நிமிடம் வைத்தெடுத்தால் மீண்டும் மொறுமொறுக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் சுட வேண்டுவதில்லை. உருட்டிய மாவைக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் வேண்டும்போது சுட்டுக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்தபடியே பண்டம் செய்து விற்று, குடும்பத்துக்குக் கைகொடுக்கும் பெண்கள் நம் கரையோரத்திற் பலர். பிள்ளையின் பாடசாலைச் செலவு முதல் வாப்பாவின் மருந்துச் செலவு வரை அந்த வருவாயில் நடக்கும் வீடுகள் உண்டு. அவர்களுக்கு இப்பண்டம் ஒரு புதிய வழி. ஆனால் விலை குறிக்கும்போது மா, சீனி, பட்டர் ஆகியவற்றின் விலையை மட்டும் கூட்டி நிறுத்திவிடுகின்றனர் பலர். விறகு அல்லது மின்சாரம், பெட்டி, உடைந்து போகும் நாலைந்து விசுக்கோத்து, எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் கையுழைப்பு, இவற்றையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். உழைப்புக்கு விலை வைக்காத வியாபாரம் நெடுநாள் நில்லாது.

உணவுப் பண்டம் விற்போர் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். தொழிலைத் தொடங்குமுன் அப்பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு பேசுவது நலம். பெட்டியின்மேல் என்ன எழுதுவது? சேர்த்த பொருள்கள் யாவை, சுட்ட திகதி எது என்பவற்றை எழுதுக. முட்டை, கோதுமை, பால் சேர்ந்திருப்பதைத் தெளிவாகக் குறிக்க. ஒவ்வாமை உள்ளோர்க்கு அது உயிர்காக்கும் செய்தி. "நோய் தீர்க்கும்" என்று எழுத வேண்டாம். "பச்சைத் தேயிலை சேர்ந்தது" என்று எழுதுக. அவ்வாறு எழுதினால் உண்மையாகவே சேர்க்க. ஊர் சிறிது. ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை வாசலுக்கு வரமாட்டார். ஒருமுறை மகிழ்ந்தவர் தம் மாமியையும் மச்சியையும் அழைத்து வருவார்.

சொக்லேட்டுக்குப் பதிலாக மரமுந்திரிகைப் பருப்பையோ வறுத்த கச்சானையோ உடைத்துச் சேர்த்தும் செய்யலாம். தேயிலையின் வறுத்த மணத்துக்கு அவையும் உகந்தவை. சீனியின் அளவும் சிறிது குறையும். முதன்முறை செய்வோர் பாதி அளவில் செய்து பார்க்கட்டும். தட்டை அடுப்பிலிருந்து இறக்கியதும், பக்கத்திலேயே பால் கலவாத தேத்தண்ணீர் ஒன்றை, சீனி இடாமல், ஊற்றிக்கொள்ளுங்கள். விசுக்கோத்தில் ஒரு கடி. கோப்பையில் ஒரு மிடறு. மலைநாட்டுப் பெண்ணொருத்தி விரல் நோகக் கிள்ளிய கொழுந்து எத்தனை வகை மணம் தரவல்லது என்பது அப்போது விளங்கும்.